பெயர் போட்ட சீட்டு

பிப்ரவரி 6

மதிப்புக்குரிய பாட்டி அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் பேத்தி படிக்கும் பல்கலைக்கழகத்தில், வெளிநாடுகளிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்குப் போதகராக இருக்கும் பெண் நான். உங்கள் வீட்டில் போன் வைத்துக்கொள்வதில்லை என்று அவள் சொன்னாள். அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் உயிரோடு இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் மாணவர் கூடுகை நடக்கும். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, மடக்கு நாற்காலிகள், சூடு போதாத ஒரு ஹீட்டர். முடியும் நேரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிறகு ஆளுக்கொரு சீட்டை எடுத்து, அதை எழுதியவருக்காக அந்த வாரம் முழுக்க ஜெபிப்பார்கள். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். போன மாதம் உங்கள் பேத்தி முதல்முறையாக வந்தாள். அவளும் ஒரு சீட்டை எடுத்து வாசித்தாள். பிறகு அதை நான்காக மடித்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

அந்தச் சீட்டை எழுதிய மாணவி பிறகு என்னிடம் வந்து, சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்தாள். "என் அம்மாவுக்கு மனசு சரியில்லை, ஜெபியுங்கள்" என்று எழுதியிருந்தாளாம்.

அன்றிலிருந்து உங்கள் பேத்தி எழுதிய எதையும் யாரிடமும் கொடுப்பதில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அளவெல்லாம் சரியாக எடுக்கிறாள். அறிக்கையை எழுதி முடிக்கிறாள். ஆனால் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். ஒரு தேர்வில் விடைத்தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்திருக்கிறாள். ஏப்ரல் கடைசிவரை பொறுப்போம் என்று துறைத் தலைவர் சொல்கிறார். எனக்குப் படிப்பு இரண்டாவது கவலைதான். அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு மாணவியை இழந்தேன். கேட்கவேண்டியதை அப்போது நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்டுவிடுகிறேன். சின்ன வயதில் சீட்டு, பெட்டி, ஜெபம் என்று ஏதாவது அவளுக்கு நேர்ந்ததா?

ஒரு ஒழுங்கையும் சொல்லவேண்டும். உங்களுக்கு எழுதுவதை அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறேன். நீங்கள் எழுதுவதையும் அவளிடம் காட்டுவேன். அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் பற்றிப் பேசமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாணவர் போதகர்


பிப்ரவரி 17

போதகர் அம்மாவுக்கு எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. படித்தவர்கள் எல்லாருமே கோழி கிளறின மாதிரிதான் எழுதுவீர்கள் போல. நான் ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். என் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போதகர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வேதத்தின் மேல் இருக்கிறது, ஆண்டவர் மேல் இருக்கிறது, நடுவில் நிற்கிறவர்கள் மேல் இல்லை. ஏன் என்று கேட்டால் கேளுங்கள்.

கட்டெறும்பின் அம்மா என் ஒரே மகள். கட்டெறும்பு என்றால் உங்களிடம் இருக்கிறவள்தான். பல் முளைத்ததும் எல்லாரையும் கடித்துவைத்தாள், அதனால் வந்த பெயர். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது என் மகளுக்கு மனசு கெட்டுப்போனது. எங்கள் சபையிலும் ஒரு பெட்டி இருந்தது, வாசல் கதவுக்குப் பக்கத்தில், காணிக்கைப் பெட்டிக்கு அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் பாஸ்டர் அதைத் திறந்து சீட்டுகளை மேலே நின்று வாசிப்பார். யாரோ ஒருத்தர் என் மகளைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டார்கள். பெயரோடு எழுதியிருந்தார்கள். அதை அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் வாசித்தார். என் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. எழுந்து போகவில்லை. கடைசிப் பாட்டும் பாடினாள். திங்கள் வேலைக்குப் போனாள், செவ்வாய் போனாள். புதன்கிழமை தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டாள். தானே போனவளுக்கு உள்ளே இடமில்லை என்று கமிட்டிக்காரர்கள் சொல்லி, கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அந்தக் கமிட்டியில் இருந்த ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். நான்கு பேர் செத்துவிட்டார்கள். ஒருத்தர் வீட்டுக்கும் நான் போகவில்லை.

அந்த வாரத்தோடு சபைக்குப் போவதை நிறுத்தினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அன்றைக்கு என் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது நீங்கள் என் பேத்தி முன்னால் இன்னொரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் இல்லை, பழசு ஞாபகம் வந்திருக்கும். நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பேய் ஓட்டுகிறேன், பிசாசு ஓட்டுகிறேன் என்று யாரும் அவள் தலையில் கை வைத்தீர்களோ, அங்கே வந்து கேட்பேன். வழி தெரியாதவள் என்று நினைக்கவேண்டாம்.

இதை அவளிடம் காட்டவேண்டாம்.

இப்படிக்கு,
அவள் பாட்டி


மார்ச் 1

அன்புள்ள பாட்டி அம்மாவுக்கு,

உங்கள் கோபத்தை மரியாதையோடு வாங்கிக்கொள்கிறேன். பெட்டியை எடுத்துவிட்டேன். ஆறு வருடத்தில், ஒரு பிள்ளையின் கைக்கு என்ன சீட்டு வந்துசேரும் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அது என் பிழை.

கடிதத்தை அவளிடம் காட்டினேன். காட்டவேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்த வரியையும் சேர்த்தே காட்டினேன். நான் ஒழுங்கை மீறினால், நாளைக்கு அவள் என்னிடம் எதையும் சொல்லமாட்டாள். மன்னிக்கவும்.

அவள் ஜன்னல் பக்கம் நின்று வாசித்தாள். உங்கள் மகளைப் பற்றி எழுதிய இடத்தைக் கடக்கும்போது முகம் மாறவில்லை. "யாரோ ஒருத்தர் எழுதிப் போட்டுவிட்டார்கள்" என்ற இடத்தில் சிரித்தாள். பத்து நாளாகப் பேசாமல் இருந்தவளிடமிருந்து வந்த முதல் சத்தம் அது.

"யாரோ இல்லையே அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய விடுதி அறையில் தனியாக விட மனமில்லாமல் என் வீட்டு முன்னறையில் தங்கவைத்திருக்கிறேன். மனநல மருத்துவரிடம் இரண்டு முறை கூட்டிப்போனேன். தலையில் யாரும் கை வைக்கவில்லை, அதற்கு நான் பொறுப்பு. நேற்று வீட்டிலிருந்த பேனா, பென்சில் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்து, "இதைப் பூட்டி வைங்க" என்றாள். கண்மை பென்சிலும் அதில் இருந்தது. "இதுவுமாடி?" என்று கேட்டேன். "அதுவும் எழுதும்" என்றாள்.

பாட்டி அம்மா, அந்தச் சீட்டை எழுதியது யார்? உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெபத்தோடு,
மாணவர் போதகர்


மார்ச் 12

போதகர் அம்மாவுக்கு.

காட்டாதே என்றால் காட்டுகிறீர்கள். நல்ல ஒழுங்கு. எனக்குத் தெரிந்த பாஸ்டரும் ஒழுங்குப்படிதான் வாசித்தார்.

யார் எழுதினால் என்ன, வாசித்தவர்தான் பாவி. நான் அதை அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

நீங்கள் கேட்க மறந்ததை நான் சொல்கிறேன். என் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் போன் போர்டில் வேலை. வெளியிலிருந்து வருகிற போனை எடுத்து எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு இணைப்புக் கொடுப்பாள். காலையிலிருந்து மாலைவரை காதில் அழுகிறவர்களும் கத்துகிறவர்களும்தான். கடைசி வருடத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் பேசினார்களாம். அரிசி கழுவிக்கொண்டே "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்பாள். "யாருடி?" என்று கேட்டால், "பாவம்மா, ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காங்க" என்பாள். இந்தப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

அவள் போன பிறகு வீட்டிலிருந்த போனைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது. இருந்தும் சில மத்தியானங்களில் மணி அடிக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பினால் எடுக்க வேண்டிவரும். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் என்னையும் கட்டிலில் கட்டிப்போடுவீர்கள். உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்று கேட்கத்தான். கட்டெறும்புக்கும் ஏதாவது குரல் கேட்கிறதா? அது வந்துவிடக்கூடாது என்றுதான் அவளை அவ்வளவு தூரம் அனுப்பினேன். இந்த வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். கேட்கிறதென்றால் மறைக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால், ஆனது ஆகட்டும், டிக்கெட் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

அந்தப் பாஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு வருடமும் அந்தப் புதன்கிழமையை நினைவு வைத்துக்கொண்டு என் கேட்டுக்கு வருவார். "ரெண்டு வார்த்தை பேசணும்மா" என்பார். நான் தண்ணீர் தெளிக்கிற மாதிரி வாளியைக் கொண்டுபோய் அவர் காலடியில் ஊற்றுவேன். போன இரண்டு வருடமாக வரவில்லை. சலித்துப்போனார் போல.

இப்படிக்கு,
அவள் பாட்டி


மார்ச் 22

அன்புள்ள பாட்டி அம்மா,

அவள் பேசிவிட்டாள். எதையெல்லாம் உங்களுக்கு எழுதலாம் என்று அவளே உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அதை மட்டும் எழுதுகிறேன்.

"அந்தச் சீட்டை எழுதினது நான்தான். அப்ப ரெண்டாம் வகுப்பு. நானே எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில போட்டேன். பாஸ்டர் வாசிச்சப்ப அம்மா மடியில இருந்தேன். என் வார்த்தை ஒவ்வொண்ணும் அவர் வாயில இருந்து வந்துச்சு. அம்மாவோட கை என் வயித்தைச் சுத்தி இருந்துச்சு. அது மெதுவாச் சில்லுன்னு ஆச்சு."

கேட்டதற்கு மறைக்காமல் பதில் எழுதச் சொன்னீர்கள். ஆம், குரல் கேட்கிறது. காகிதத்தை முன்னால் வைத்தாலே பின்னால், தோளுக்கு மேலே ஒரு குரல் கேட்கிறதாம். "எழுதிட்டியா? அடுத்தது." அவ்வளவுதான் அது சொல்லுமாம். திரும்பத் திரும்பச் சொல்லுமாம். எழுதி முடித்ததைக் கொடுக்கக் கை நீட்டும்போது இன்னும் பக்கத்தில் வருமாம். அன்றைக்குச் சீட்டு எழுதும்போதும் அதே குரல் பின்னாலிருந்து சொன்னது என்கிறாள். யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு வந்தது அன்றைக்கே தனக்கும் வந்துவிட்டது, அதன் பேச்சைக் கேட்டுத்தான் அம்மாவைக் கொன்றேன் என்று நம்புகிறாள். பிசாசு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை அவளே என்னிடம் வந்து, "அக்கா, என்னைத் தனியா விடாதீங்க, எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை" என்றாள். அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தோம். நல்ல இடம். தினமும் போகிறேன்.

மருத்துவர் கேட்பது ஒன்றுதான். அவளுக்குக் கேட்பது நோயா, இல்லை நினைவா? நோயென்றால் மருந்து வேறு, வழி வேறு. நினைவென்றால் யாரோ ஒருவர் உண்மையில் அங்கே நின்றிருக்கவேண்டும். சீட்டில் என்ன இருந்தது என்று அவள் ஒரு எழுத்து விடாமல் சொல்கிறாள். "புத்தி பேதலித்து" என்று இருந்ததாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, பாட்டி அம்மா?

மாணவர் போதகர்


ஏப்ரல் 9

பாட்டி அம்மா,

கிட்டத்தட்ட மூன்று வாரமாகப் பதில் இல்லை. கடிதம் கிடைத்திருக்கும் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக நான் எழுதவில்லை. உங்களை வைவதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவள் எடை குறைந்துகொண்டே வருகிறது. தபால் வருகிற நேரத்தில் படுக்கையை விட்டு எழுந்து வராந்தாவில் வந்து நிற்கிறாள். "வந்துச்சா?" என்று கேட்பதில்லை. என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நீங்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும்.

மாணவர் போதகர்


ஏப்ரல் 10

போதகர் அம்மாவுக்கு.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு மாறினாலும் அடிக்கமுடியாது.

அந்தக் குரல் என்னுடையது.

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாக என் தலையணைக்கு அடியில் இருந்தது. "எழுதிட்டியா, அடுத்தது" என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்கமுடியவில்லை. கண்ணாடி சரியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேற்றுத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

கட்டெறும்பு, நீ கேள்.

அது சனிக்கிழமை, மத்தியானம். உன் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தையல் மிஷின் மூடியின் மேல் வைத்து நீ எழுதினாய். கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்தது நான், தப்பாகப் போட்ட கணக்குத் தாள் என்று உன் டீச்சரிடம் பொய் சொல்லச் சொன்னதும் நான். எனக்கு அப்போது என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. வெளியே யாரையாவது எழுதச் சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும் என்று பயம். வீட்டுக்குள் எழுதத் தெரிந்த கை உன்னுடையது ஒன்றுதான்.

நான் உன் பின்னால் நின்று சொன்னேன். நீ எழுதினாய். ஒரு வார்த்தை முடிந்ததும் தலையை நிமிர்த்தாமல் நிறுத்துவாய். நான், "எழுதிட்டியா? அடுத்தது" என்பேன்.

"பேதலிச்சுன்னா என்ன பாட்டி?" என்று கேட்டாய்.

"எழுதுடி. அர்த்தமெல்லாம் அப்புறம்."

"அம்மாகிட்ட கேட்டுட்டு எழுதட்டுமா?"

அதற்கு நான் உன் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒன்றும் கேட்கவில்லை.

போதகர் அம்மா, டாக்டருக்கும் சொல்லுங்கள், நோய் இல்லை. ஒரு கிழவி நின்றாள். மூக்குப்பொடி நாற்றம் அடித்திருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள் அவளிடம்.

ஏன் எழுதவைத்தேன் என்று சொல்கிறேன். டாக்டரிடம் போகலாம் என்றால் அவள் வேலை பார்க்கிற இடமே ஆஸ்பத்திரி. மனசு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்தால் மறுநாளே போன் போர்டை அவளிடமிருந்து வாங்கிவிடுவார்கள். பாஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டு ரகசியமாக வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான் நான் நினைத்தது. பெட்டியில் போடுகிறவர்கள் யாரும் பெயர் போடமாட்டார்கள். "ஒரு சகோதரியின் சுகத்துக்காக" என்று போடுவார்கள். படித்தவர்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது, பாஸ்டர்தான் பெயரை மறைத்து வாசிக்கிறார் என்று இருந்தேன். பெயர் போடாவிட்டால் எந்தச் சகோதரி என்று ஆண்டவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அதனால் பெயரை முதலில் போடச் சொன்னேன். பெயர், அப்பா பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வேலை எல்லாம் முதலில். கடைசியில்தான் விஷயம்.

பாஸ்டர் வேகமாக வாசிக்கிறவர். பெயரை வாசித்தபோது ஏதோ நன்றி ஜெபம் என்று நினைத்திருப்பார். விஷயத்துக்கு வந்ததும் பாதியில் நிறுத்தினார். அப்படி நிறுத்தினது இன்னும் மோசமாகப் போனது. மொத்தச் சபையும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நானும் அவர்களோடு திரும்பிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி.

அடக்கம் முடிந்த அன்றைக்கு வீடு முழுக்க ஆட்கள். நீ சமையலறையில் வந்து என் புடவையைப் பிடித்து, "நான் எழுதினதாலதான் அம்மா போனாங்களா?" என்று கேட்டாய். பக்கத்து அறையில் பாஸ்டர் சம்சாரம் இருந்தாள். எனக்குப் பயம். என் மகளைக் கொன்றவள் என்று என்னை யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம். நான் உன் வாயைப் பொத்தி, "நீ எழுதினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே, தெரிஞ்சா உன்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றேன். நான் சொல்லி நீ எழுதினாய் என்று சொல்லவில்லை. நீ எழுதினாய் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூடத் திருத்திச் சொல்லவில்லை. நீ மெல்ல மெல்ல என்னை மறந்துவிட்டாய், உன்னை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாய். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று தேதியோடு சொல்வேன். இதை மட்டும் எடுக்காமல், இதற்கு மேல் மற்றவர்களின் பாவங்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பாஸ்டர் சீட்டைப் பார்த்தவர். பிள்ளை எழுதின எழுத்து என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் ஒரு பிள்ளைதான். யார் எழுதியது என்று கமிட்டி கேட்டபோது, தெரியாது, கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னாராம். எல்லாரும் அவரைத்தான் ஏசினார்கள். ஏசட்டும் என்று இருந்தார். அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம். அவர் வாயைத் திறந்திருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன், பிள்ளை தப்பித்திருக்கும்.

எழுத்துக் கற்றது அந்த வருடம்தான். உன் பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கற்றேன். இனி ஒரு பிள்ளை கையைக் கேட்கக்கூடாது என்று.

பாட்டி


ஏப்ரல் 24

அன்புள்ள பாட்டி அம்மாவுக்கு,

கடிதம் வந்த அன்று அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவள் கையில் கொடுத்தேன். நர்ஸ் ஒருவரும் நானும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு முறை வாசித்தாள். பிறகு, "மூக்குப்பொடி" என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "ஆமா" என்றாள். அப்புறம் அழுதாள். மாலை உணவு வரும்வரை அழுதாள், வந்த உணவைச் சாப்பிட்டாள்.

நோய் இல்லை என்று மருத்துவர் இப்போதே முடிவாகச் சொல்லவில்லை. இன்னும் பல மாதம் பார்க்கவேண்டும். ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பிறகு மருந்தை மாற்றியிருக்கிறார், பேச்சும் வேறு வழியில் போகிறது. குரல் நின்றுவிடவில்லை. இன்னும் கேட்கிறது. "யாருன்னு தெரிஞ்சுடுச்சு இல்லையா அக்கா, இப்ப பதில் சொல்லமுடியுது" என்றாள். என்ன பதில் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

துறைத் தலைவர் அடுத்த பருவம்வரை அவளுக்கு இடம் வைத்திருப்பதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து என் வீட்டுக்கு வருகிறாள். முன்னறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறாள்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான பகுதி. அவள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாட்டிகிட்ட சொல்லுங்க. சொன்னதுக்கு நன்றி. நான் வீட்டுக்கு வரமாட்டேன். எனக்கு எழுதவேண்டாம். எப்ப வரைக்கும்னு எனக்குத் தெரியலை."

போதகர் என்றால் மன்னிக்கச் சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நான் அவளிடம் அந்த வார்த்தையை எடுக்கவில்லை. அவளை அவசரப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை. உங்களிடமும் எடுக்கவில்லை. ஆனால் உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், பெயர் சொல்லித்தான்.

மாணவர் போதகர்


மே 6

போதகர் அம்மாவுக்கு எழுதிக்கொண்டது.

அவளுக்கு எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள், எழுதவில்லை. இது உங்களுக்கு. அவள் கேட்டால் காட்டுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

முந்தாநாள் அந்தப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். போகும் வழி முழுக்க என்ன பேசுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் மருமகள் கதவைத் திறந்து, "மாமாவுக்கு மறதி நோய், ரெண்டு வருஷமா யாரையும் தெரியாது" என்றாள். உள்ளே உட்காரவைத்தாள். அவர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன், காலடியில் ஊற்றின தண்ணீரைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எந்தப் பிள்ளை என்று தெரிந்து கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா, தெரியவில்லை. "பரவாயில்லைங்க" என்றேன். "சரி, நீங்க யாரும்மா?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அன்றைக்கு நடந்ததை முழுசாகத் தெரிந்தவர்களில் இனி நானும் அவளும்தான் மிச்சம். அவள் என்னோடு பேசமாட்டாள். நியாயம்தான். வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், இப்போதுதான் காதில் விழுகிறது.

ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். அவள் மன்னிக்கவேண்டாம். நீங்கள் சொல்லாதது நல்லதுதான், யாரும் சொல்லவும் வேண்டாம். கோபத்தை வைத்துக்கொள்ளட்டும். நான் கோபத்தோடு எழுபது வயதுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறேன், கோபத்தோடு சாப்பிடலாம், தூங்கலாம், படித்துப் பாஸ் பண்ணலாம், ஒரு உயிரும் போகாது. ஆனால் யார் மேல் வைக்கிறோம் என்பது முக்கியம். பதினேழு வருடமாக அவள் அதைத் தன் மேலேயே வைத்திருந்தாள், சின்ன உடம்பு, தாங்கவில்லை. இனி என் மேல் வைக்கச் சொல்லுங்கள். நான் நகரமாட்டேன். நான் செத்தாலும் வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை.

பதில் போடவேண்டாம்.

இப்படிக்கு,
எழுதச் சொன்னவள்